கனாப் பலன் முதல் மனவடு வரை: யாழ்ப்பாணமும் கனவின் அறிவியலும்

கனவு என்பது நித்திரையில் மனம் தானே உண்டாக்கிக்கொள்ளும் காட்சிகளும் ஒலிகளும் உணர்ச்சிகளும் சேர்ந்த தொடர் அனுபவம். புறத்திலிருந்து புலன்களுக்கு எதுவும் வராதபோதும் அது நனவைப் போலவே தோன்றும். காண்பவர் அதற்குள் தாமும் ஓர் ஆளாக நிற்பார். நடப்பவை எவ்வளவு பொருந்தாதவையாக இருந்தாலும் அவருக்கு ஐயம் எழாது. எழும்பிய சில நிமிடங்களில் பெரும்பகுதி மறந்துபோகும். வளர்ந்த ஒருவர் ஓர் இரவில் ஏறத்தாழ இரண்டு மணிநேரம் கனவு காண்கிறார் என்பது நித்திரை ஆய்வாளர்களின் கணிப்பு. "எனக்குக் கனவே வாறதில்லை" என்பவர்களும் காண்கிறார்கள். அவர்களுக்கு அது நினைவில் தங்குவதில்லை.

கனவைப் பற்றிய மூன்று வேறு அறிவு மரபுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அடுத்தடுத்த இரண்டு ஊர்களுக்குள் சந்திக்கின்றன. வீடுகள்தோறும் புரட்டப்படும் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் கொக்குவிலிலிருந்து வருவது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாருக்கு உரை எழுதிய ஞானப்பிரகாசர் அயலூரான திருநெல்வேலியில் பிறந்தவர். போர்த்துக்கேயர் காலத்தில் கடல் கடந்து தமிழகம் சென்றவர். அதே திருநெல்வேலியில்தான் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1978இல் தொடங்கிய அதன் மருத்துவ பீடத்தின் உளமருத்துவத் துறை, போர்க்காலக் கொடுங்கனவுகளை நோய்க்குறியாகப் பதிந்து ஆராய்ந்தது. கனவு என்ன சொல்லுகிறது என்று முதலாவது கேட்டது. கனவு காண்பது யார் என்று இரண்டாவது கேட்டது. கனவு ஏன் மனிதரை வதைக்கிறது என்று மூன்றாவது கேட்டது. மூன்றையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தால், எது நிலைத்த அறிவு, எது கைவிட வேண்டியது என்பது தெளிவாகும்.

தமிழில் கனவைப் பற்றிய எண்ணம் மிகப் பழையது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், துஞ்சுதல், அரற்றுதல், கனவு ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மெய்ப்பாடுகளின் பட்டியலில் வைக்கிறது. நித்திரையும், நித்திரையில் பிசத்துவதும், கனவும் ஒரே குடும்பத்தவை என்ற கவனிப்பு அதில் இருக்கிறது. நற்றிணையின் 87ஆம் பாட்டில் நக்கண்ணையார் இன்னும் துணிந்து, ஒரு வௌவாலுக்குக் கனவைக் கொடுக்கிறார். ஊர் மாமரத்தில் தொங்கித் துயிலும் அந்த வௌவால், தொலைவிலுள்ள காட்டு நெல்லியின் புளிப்பைக் கனவில் சுவைக்கிறது. தலைவி தான் கண்ட கனவுக்கு அதை உவமையாக்குகிறாள். விலங்குக்கும் கனவு உண்டு, அந்தக் கனவு முன்பு பட்டறிந்த சுவையிலிருந்து பிறக்கிறது என்ற இரண்டு கருத்துகள் அந்த உவமைக்குள் அடங்கியுள்ளன. 2001இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் கென்வே லூயியும் மத்தியூ வில்சனும் எலிகளின் மூளையில் மின்முனைகளைப் பொருத்தி, பகலில் அவை வட்டப் பாதையில் ஓடியபோது நரம்புக்கலங்கள் எந்த ஒழுங்கில் இயங்கினவோ அதே ஒழுங்கு கனவு நித்திரையில் மீண்டும் ஓடுவதைப் பதிவு செய்தார்கள். எலி எதை உணர்ந்தது என்று எவரும் கேட்டறிய முடியாது. ஆயினும் பட்டறிந்தது நித்திரையில் திரும்ப ஓடுகிறது என்பது அளந்து காணப்பட்டுவிட்டது.

திருக்குறள் 122ஆம் அதிகாரம் முழுவதையும் கனவுக்கு ஒதுக்குகிறது. பத்துக் குறளும் பிரிவில் வாடும் தலைவியின் கூற்று. எதிர்காலம் பற்றிய பேச்சு அவற்றில் இல்லை. நனவில் வராதவன் கனவில் வருகிறான், விழிப்பு என்ற ஒன்று இல்லாதிருந்தால் அவன் பிரியவே மாட்டான் என்று அவள் கருதுகிறாள். ஏக்கத்திலிருந்து கனவு பிறக்கிறது என்பதை வள்ளுவர் விளக்கம் எதுவும் வேண்டாத உண்மையாகவே எடுத்துக்கொள்கிறார்.

காப்பியங்களின் வழி வேறு. சிலப்பதிகாரத்தில் மூன்று கனவுகள் கதையின் மூன்று திருப்பங்களில் நிற்கின்றன. கண்ணகி தன் கனவைத் தேவந்திக்குச் சொல்கிறாள். பரிகாரமாகக் குளத்தில் நீராடிக் காமவேளைத் தொழும்படி தேவந்தி சொல்ல, அது பெருமை அன்று என்று மறுத்துவிடுகிறாள். கோவலன் மதுரைப் புறஞ்சேரியில் மாடலனிடம் தன் கனவைச் சொல்லி அஞ்சுகிறான். செங்கோலும் வெண்குடையும் வீழக் கண்ட கோப்பெருந்தேவி அதை அரசனிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாயிலில் கண்ணகி நிற்கிறாள். இலங்கையைக் களமாகக் கொண்ட பெருங்கனவு இராமாயணத்தில் வரும் திரிசடையுடையது: எண்ணெய் பூசிய இராவணன் தென்திசை நோக்கிச் செல்வதை அவள் காண்கிறாள். கம்பன் அங்கே ஒரு நுட்பம் வைத்தான். சீதை துயிலாதவள் என்பதால் அவளுக்குக் கனவு இல்லை. அவளுக்காகத் திரிசடை காண வேண்டியிருக்கிறது.

இந்தக் காப்பியக் கனவுகள் எல்லாம் பலித்தவை. பலிக்காத கனவைக் கவிஞன் எழுத வேண்டிய தேவை இல்லை. மக்களின் நினைவும் இப்படித்தான் தெரிந்தெடுக்கிறது. கனாப் பலன் என்ற துறை இந்தத் தெரிவின்மேல்தான் எழுந்தது. பொன்னவன் இயற்றியதாகச் சொல்லப்படும் கனாநூல் தமிழில் இதற்குரிய தனி நூல். இன்ன சாமத்தில் கண்ட கனா இன்ன காலத்துக்குள் பலிக்கும் என்று மரபு வகுத்திருக்கிறது: முன்னிரவில் கண்டது பலிக்க நீண்ட காலம் ஆகும்; விடியப்புறம் கண்டது சில நாளிலேயே பலிக்கும். பஞ்சாங்கங்களிலும் பல்லி விழும் பலனுக்கு அருகில் கனாப் பலனும் அச்சிடப்பட்டு வந்திருக்கிறது. வீட்டுப் பேச்சில் இதன் சுருக்கம் புழங்குகிறது. செத்தவீட்டுக் கனா நல்லது, கலியாணக் கனா கூடாது, பல் விழக் கண்டால் உறவில் இழவு என்று பெரியவர்கள் சொல்வது இன்றும் கேட்கிறது.

பழைய மருத்துவர்கள் இந்த விடயத்தில் சோதிடரைவிட நிதானமாக இருந்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது. சரக சங்கிதை கனவை ஏழாகப் பிரிக்கிறது: கண்டதால் வருவது, கேட்டதால் வருவது, அனுபவித்ததால் வருவது, விரும்பியதால் வருவது, கற்பனையால் வருவது, வருங்காலம் காட்டுவது, உடற்குற்றங்களால் வருவது. இவற்றில் முதல் ஐந்துக்கும் பலன் இல்லை என்று அந்த நூல் தீர்ப்புச் சொல்கிறது. பாளி மொழியிலுள்ள மிலிந்த பஞ்ஹா ஆறு வகை சொல்லி, ஒன்றுக்கு மட்டுமே முன்னறிவிப்பு ஆற்றல் உண்டு என்கிறது. கனவின் பெரும்பகுதி அன்றாட வாழ்விலிருந்தும் உடல் நிலையிலிருந்தும் வருகிறது என்ற முடிவு, ஆய்வுகூடம் தோன்றுவதற்கு மிக முன்பே எட்டப்பட்டிருந்தது.

சைவ சித்தாந்தம் கனவைப் பலன் கேட்கும் பொருளாக எடுக்கவில்லை. உயிரின் இயல்பை அறியும் சான்றாக எடுத்தது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம், உயிருக்கு ஐந்து அவத்தைகளைச் சொல்கிறது: சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம். சிவஞான சித்தியார் இவற்றுக்குக் கணக்கும் கொடுக்கிறது. நனவில் 35 கருவிகள் தொழிற்படும். அப்போது உயிர் நெற்றியில் நிற்கும். கனவில் 25, உயிர் கழுத்துக்கு இறங்கும். ஆழ்ந்த நித்திரையில் 3; இதயம். நனவுக்கும் கனவுக்கும் இடையே குறைகின்ற பத்தும் ஐம்பொறிகளும் கை, கால், வாய் முதலான ஐந்து தொழிற் கருவிகளுமே. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற நான்கும் நிற்கின்றன. மூச்சு முதலான பத்து வாயுக்களும் நிற்கின்றன. பொறி அடைபட்டு, கைகால் ஓய்ந்து, உள்ளம் மட்டும் மூச்சோடு விழித்திருக்கும் நிலை கனவு என்பதே இந்தக் கணக்கின் பொருள்.

நெற்றி, கழுத்து என்ற இடங்களை உடற்கூற்றில் தேடுவது வீண் வேலை. அவை தியான மரபின் குறியீடுகள். ஆனால் எவை அடங்குகின்றன, எவை அடங்காமல் இருக்கின்றன என்ற பிரிப்பு, கூர்ந்து கவனித்தவர்கள் செய்தது. மறுபிறவியில் முற்பிறவி மறப்பதற்கு, நனவில் கண்டதைக் கனவில் மறப்பதை மெய்கண்டார் உவமை காட்டுகிறார். அதுவும் கனவு அனுபவத்தை உள்ளிருந்து அறிந்தவரின் கவனிப்பே. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதிலிருந்து குடாநாட்டில் சைவக் கல்வி பள்ளிக்கூடத்துக்குள் வந்தது. தத்துவ நூல்களைக் கற்றவர்களின் வட்டம் விரிந்தபோது, அவத்தைகளின் பெயர்கள் ஏட்டைவிட்டு வெளியே வந்தன.

ஐரோப்பாவில் 1899 நவம்பரில் சிக்மண்ட் ஃபிராய்டின் கனவு விளக்க நூல் வெளிவந்தது; அட்டையில் 1900 என்ற ஆண்டு போடப்பட்டிருந்தது. அடக்கப்பட்ட விருப்பம் மாறுவேடம் பூண்டு கனவாகிறது என்பது அவர் கொள்கை. கனவை எதிர்காலத்திலிருந்து பிடுங்கிக் காண்பவரின் கடந்தகாலத்தில் நட்டது அவருடைய பெரும்பணி. ஒவ்வொரு கனவுக்கும் ஒளித்த விருப்பம் ஒன்று உண்டு என்ற பகுதி சோதனைக்கு நிற்கவில்லை.

திருப்பம் 1953இல் வந்தது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற மாணவர், எட்டு வயதான தம் மகனின் கண்ணருகே மின்முனைகளை ஒட்டி இரவு முழுவதும் பதிவு செய்தார். நித்திரையின் சில பகுதிகளில் மூடிய இமைக்குள் கண்கள் விரைந்து அசைவதைக் கண்டார். அவருடைய ஆசிரியர் நத்தானியல் கிளைட்மனுடன் சேர்ந்து அந்தக் கண்டுபிடிப்பை வெளியிட்டார். 1957இல் கிளைட்மனும் வில்லியம் டிமெண்டும் அந்த நேரத்தில் ஆட்களை எழுப்பிக் கேட்டபோது ஏறத்தாழ 80 விழுக்காட்டு முறை கனவு சொன்னார்கள்; மற்ற வேளைகளில் எழுப்பியபோது 7 விழுக்காடு மட்டுமே. இதற்குக் கண் விரைவசைவு நித்திரை என்று பெயர். மற்ற நித்திரையிலும் கனவு உண்டு என்பதும், அது பெரும்பாலும் எண்ணம்போன்று மங்கலாக இருக்கும் என்பதும் பின்னர் தெளிவாயின.

கண் விரைவசைவு நித்திரை ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை வருகிறது. வளர்ந்தவர்களின் நித்திரையில் நாலில் அல்லது ஐந்தில் ஒரு பங்கு இது. பிறந்த குழந்தையில் பாதி. முதல் சுற்றில் சில நிமிடங்களே நீடிக்கும். விடியற்புறத்தில் அரை மணிநேரத்துக்கும் மேல் நீளும். நீண்ட, நிறமுள்ள, கதையுள்ள கனவுகள் அப்போதுதான் திரள்கின்றன; எழும்பும் நேரமும் அருகில் இருப்பதால் நினைவிலும் நிற்கின்றன. கனாநூல் விடியற்கனவுக்குக் கொடுத்த தனியிடத்துக்கு உடலியலில் இப்படி ஒரு காரணம் இருக்கிறது. கவனித்தது சரி, கொடுத்த விளக்கம்தான் தவறு.

பிரான்சின் லியோன் நகரில் மிசெல் சூவே 1959இல் இன்னொன்றைக் காட்டினார். இந்த நித்திரையில் மூளை விழிப்பிலிருப்பதுபோல் இயங்க, உடலின் தசைகள் முற்றாகத் தளர்ந்துவிடுகின்றன. மூளைத்தண்டிலிருந்து வரும் சைகைகள் முள்ளந்தண்டின் இயக்க நரம்புகளை அடக்கிவைக்கின்றன. கண் தசைகளுக்கும் மூச்சுக்குரிய பிரிமென்தகட்டுக்கும் விலக்கு உண்டு. சித்தாந்தக் கணக்கில் தொழிற் கருவிகள் கழிந்து வாயுக்கள் நின்றதை இதோடு ஒப்பிடத் தோன்றும். ஒப்பிடலாம், ஆனால் மெய்கண்டார் மூளைத்தண்டை முன்னறிந்தார் என்று பெருமை பேசுவது இரண்டு துறைக்கும் இழைக்கும் தீங்கு. நரம்புக்கலம் எப்படி அடங்குகிறது என்பது கருவியும் சோதனையும் இல்லாமல் அறிய முடியாதது.

மூளையைப் படம்பிடிக்கும் முறைகள் 1990களில் அடுத்த விளக்கத்தைத் தந்தன. கனவு நித்திரையில் அச்சம் முதலான உணர்ச்சிகளுக்குரிய பகுதிகள் கூர்மையாக இயங்குகின்றன. ஆராய்ந்து தீர்மானிக்கும் முன்மூளைப் பகுதி தணிந்து கிடக்கிறது. நினைவைப் பதிக்க உதவும் நோரட்ரினலின் போன்ற இரசாயனங்கள் மிகக் குறைகின்றன. பொருந்தாததை ஏற்றுக்கொள்வது, உணர்ச்சி மிகுவது, எழும்பியதும் மறப்பது என்ற மூன்றுக்கும் விடை இங்கே இருக்கிறது. ஆலன் ஹாப்சனும் ரொபர்ட் மக்கார்லியும் 1977இல், மூளைத்தண்டின் தாறுமாறான தூண்டல்களை மேல்மூளை கதையாக்க முயல்வதே கனவு என்றார்கள். மூளைத்தண்டு சேதமாகாமலே மேல்மூளைச் சேதத்தால் கனவை இழந்த நோயாளிகளை மார்க் சோம்ஸ் காட்டியபின் அந்தக் கொள்கை தளர்ந்தது.

பல் விழும் கனவுக்கும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. 2018இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வு ஒன்றில், அந்தக் கனவு மனக்கவலையோடு தொடர்புபடவில்லை. எழும்பும்போது பல்லிலும் முரசிலும் தாடையிலும் உணரப்படும் இறுக்கத்தோடு தொடர்புபட்டது. உறவில் இழவு வரும் என்று அஞ்சுபவர் பல் வைத்தியரைப் பார்ப்பது நல்லது.

பேய் அமுக்குதல் என்று குடாநாட்டில் சொல்லப்படும் அனுபவமும் இங்கேதான் விளக்கம் பெறுகிறது. மனம் விழித்துக்கொள்ள, தசைத் தளர்ச்சி இன்னும் நீங்காமல் சில கணங்கள் நின்றால், கண் திறந்திருக்கும், அசைய முடியாது, நெஞ்சில் பாரம் ஏறியதுபோல் இருக்கும், கனவின் உருவம் அறைக்குள் நிற்பதுபோல் தெரியும். உலகின் பல ஆய்வுகளைத் தொகுத்த 2011ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, பொதுமக்களில் ஏறத்தாழ 7.6 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதை அனுபவிக்கிறார்கள். நித்திரைக் குறைவும் மல்லாந்து படுப்பதும் இதைக் கூட்டும். உயிருக்கு ஆபத்து இல்லை.

இதற்கு நேர்மாறானது கவலைக்குரியது. தசைத் தளர்ச்சி வராமலே போனால், கனவில் அடிப்பவர் உண்மையாகவே கையை வீசுவார், கட்டிலிலிருந்து குதிப்பார். 1986இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கார்லோஸ் ஷெங்கும் மார்க் மகோவால்டும் இதைத் தனி நோயாக வரையறுத்தார்கள். ஐம்பது வயதைக் கடந்த ஆண்களில் மிகுதி. அவர்கள் தொடர்ந்து கவனித்த ஒரு குழுவில் 38 விழுக்காட்டினருக்குப் பின்னர் பார்க்கின்சன் நோய் வந்தது. 2013இல் வெளியிட்ட பிற்காலக் கணக்கில் அந்நோயும் அதைச் சார்ந்த மறதி நோய்களும் வந்தவர்கள் 81 விழுக்காடு. இரவில் "கனவோடு சண்டை பிடிக்கிற" அப்புவைப் பார்த்துச் சிரித்துவிட்டு விடாமல் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிச்செல்ல வேண்டும்.

கனவு எதற்காக என்ற கேள்விக்கு ஒரே விடை இன்னும் இல்லை. நினைவைச் சீர்ப்படுத்துவது, உணர்ச்சியின் கூர்மையைத் தணிப்பது என்பவை வலுவான கருத்துகள். பின்லாந்தைச் சேர்ந்த அன்ரி ரெவொன்சுவோ 2000இல், ஆபத்துக்கு முகம்கொடுக்கும் ஒத்திகையாகவே மனித மூளையில் கனவு வளர்ந்தது என்றார். அவருடைய குழுவினர் 2005இல் போரின் கொடுமையைக் கண்ட குர்திஷ் பிள்ளைகளின் கனவுகளைப் பின்லாந்துப் பிள்ளைகளின் கனவுகளோடு ஒப்பிட்டபோது, முன்னவர்களின் கனவுகளில் அச்சுறுத்தும் நிகழ்ச்சிகள் மிகுதியாக இருந்தன. அச்சம் கனவை நிறைக்கிறது என்பதற்கு இது சான்று. ஆனால் அந்த ஒத்திகையால் எவருக்கும் நன்மை விளைந்தது என்பதற்கு இது சான்று ஆகாது. யாழ்ப்பாணத்தின் அனுபவம் அந்த நன்மையை நம்ப இடம் கொடுக்கவில்லை.

1980களிலிருந்து 2009 வரை குடாநாட்டு மக்கள் ஷெல்லடியையும் பொம்மர் வீச்சையும் பங்கருக்குள் இருந்து கேட்டவர்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி தொடங்கிய பெரும் இடப்பெயர்வில் வலிகாமத்தார் ஒரே இரவில் செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இந்தக் காலத்தின் உளப் பாதிப்புகளை நோயாளிகளிடமிருந்தும் சமூகத்திலிருந்தும் பதிவு செய்தார். தமிழில் 'மனவடு' என்ற நூலும், 1998இல் ஆங்கிலத்தில் விரிவான நூலும் அவர் எழுதினார். நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு நோயின் முதன்மைக் குறிகளில் ஒன்று, நடந்த நிகழ்ச்சியே கனவில் திரும்பத் திரும்ப வருவது. போர் முடிந்த சில மாதங்களில், 2009 யூலை முதல் செப்டெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் எடுத்த கணக்கெடுப்பு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. 7 விழுக்காட்டினருக்கு மனவடு நோய்க்கான குறிகளும், 32.6 விழுக்காட்டினருக்குப் பதகளிப்பும், 22.2 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வும் இருந்தன. அப்போதும் இடம்பெயர்ந்தே இருந்தவர்களிடையே மனவடு நோய் 13 விழுக்காடு.

மனவடுக் கனவு சாதாரணக் கெட்ட கனாவிலிருந்து வேறுபட்டது. சாதாரணக் கனா நிகழ்ச்சிகளைக் கலைத்துப் புதிதாகப் பின்னும். மனவடுக் கனவு அந்த நாளை, அந்த ஒலியை, அந்த மணத்தை மாறாமல் கொண்டுவரும். இரவின் முற்பகுதியிலும் வரும், காண்பவர் உடல் அசைந்து வெருண்டு எழும்புவார், மறந்துபோகாது. மீண்டும் நித்திரை கொள்ள அஞ்சி விழித்தேயிருப்பார். சிறு பிள்ளைகள் முன்னிரவில் அலறி எழும்பிக் காலையில் எதையும் நினைக்காதிருப்பது இதுவன்று. அது ஆழ்ந்த நித்திரையிலிருந்து பாதி விழிக்கும் நிலை, வளர வளர நீங்கும். அதற்குத் திருநீறு போட்டு நூல் கட்டுவதால் தீங்கு இல்லை. முன்னதற்கு அது போதாது.

இறந்தவர் கனவில் வருவதற்குச் சைவ வீடுகளில் வழி உண்டு. பசி என்று சொன்னதாகக் கண்டால் படைப்பார்கள். ஆடி அமாவாசையில் கீரிமலையில் தர்ப்பணம் செய்வார்கள். துக்கத்துக்கு ஒரு செயலும் ஒரு நாளும் கிடைக்கின்றன. காணாமல் ஆக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு அந்த வழியும் அடைபட்டது. துவசம் செய்தால் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகும். ஆகவே கனவில் வந்த மகன் சிரித்தானா, நனைந்திருந்தானா, சாப்பாடு கேட்டானா என்று பார்த்து உயிர் உண்டா இல்லையா என்று அறிய முயலும் நிலை ஏற்படுகிறது. கனவு அந்த விடையைத் தர முடியாது. தாயின் ஏக்கத்தை மட்டுமே அதனால் காட்ட முடியும். விடை சொல்லக் கடமைப்பட்டது அரசு.

மருத்துவத்துக்கு இன்று கையில் சில வழிகள் இருக்கின்றன. பகலில், விழிப்பில், பயமின்றி இருக்கும்போது கொடுங்கனவை எழுதி, அதன் போக்கை விரும்பியபடி மாற்றி, மாற்றிய வடிவத்தை நாள்தோறும் மனத்தில் ஓட்டிப் பழகும் முறை ஒன்று. பரி கிரகவ் 2001இல் பாலியல் வன்முறைக்குள்ளான 168 பெண்களிடையே நடத்திய ஆய்வில் கொடுங்கனவுகள் குறைந்தன; நித்திரை மேம்பட்டது. பிரசோசின் என்ற இரத்த அழுத்த மாத்திரை முதலில் நம்பிக்கை தந்தது. ஆனால் 304 முன்னாள் படைவீரர்களிடையே நடந்து 2018இல் வெளியான பெரிய ஆய்வில், வெறும் மாத்திரையைவிட அது மேலான பலன் தரவில்லை. யாழ்ப்பாணத்தில் தயா சோமசுந்தரமும் உடன் பணியாற்றியவர்களும் மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், செபம் ஆகிய ஊர்ப் பழக்கங்களை உளவளத்துணையோடு சேர்த்தார்கள். நோயாளி அறிந்த மந்திரத்தையே தளர்வுப் பயிற்சியாக்கியது, மரபை மருத்துவத்தோடு பொருத்தியதில் மிகப் பயனுள்ள செயல்.

போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்தபின்னும் ஷெல் சத்தம் கேட்டு எழும்புகிறவர்கள் குடாநாட்டிலும் புலம்பெயர் நாடுகளிலும் இருக்கிறார்கள். பலர் அதை விதி என்று பொறுத்துக்கொள்கிறார்கள்; சிலர் வெளியில் சொல்ல வெட்கப்படுகிறார்கள். ஒரே கனவு கிழமைக்குப் பலமுறை நித்திரையைக் கெடுக்குமானால் அதற்குப் பலன் பார்க்க வேண்டாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ அண்மையிலுள்ள ஆதார வைத்தியசாலையிலோ உளமருத்துவப் பிரிவில் அதைச் சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் கூடப் போக வேண்டும்.